அக்டோபரில் பொறுக்கிய நத்தைகள்

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் இருவரும் என் மேசைக்கு வருகிறீர்கள். ஒப்படைப்புக் கோப்பை ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டேன். எந்தப் புகாரை யாரிடம் கொண்டுபோவது, எந்த அறிக்கையை எவ்வளவு காலம் வைத்திருப்பது, எந்த மென்பொருள் எப்போது மக்கர் பண்ணும் என்பதெல்லாம் வரிசை எண்ணோடு அதில் இருக்கின்றன. எண் போடாமல் எனக்கு எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது அந்தக் கோப்புக்குள் அடங்காத விஷயம். உங்களில் ஒருவர் சென்னை, ஒருவர் யாழ்ப்பாணம் என்று கேள்விப்பட்டதும் தமிழிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவள். ஆக இந்த மேசையில் மூன்று விதத் தமிழ். பல நாள் அது கைகொடுக்கும். சில நாள் காலை வாரிவிடும். இரண்டும் ஒரே நாளில் நடந்த கதை இது.

நம் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், மாணவர் அனுப்பிய வேலையை அவரே செய்தாரா என்று பார்ப்பது. வெளியில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் பிரிவு" என்று மட்டும் சொல்லுங்கள். முழுதாகச் சொன்னால் கல்யாண வீட்டில்கூட உங்கள் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும்.

நான் சேர்ந்த புதிதில் பெரும்பாலும் வலைத்தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவார்கள். அதை மென்பொருளே பிடித்துவிடும். பிறகு விலைக்கு வாங்குவது வந்தது. பணம் அனுப்பினால் முகம் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டுப்பாடத்தைப் புத்தம் புதிதாக எழுதித் தருவார். எங்கிருந்தும் எடுக்காததால் மென்பொருள் பச்சை காட்டும். அங்கேதான் மனிதக் கண் தேவைப்படுகிறது, அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். வாங்குகிறவர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். நான் பார்த்தவர்களில் சோம்பேறிகள் மிகக் குறைவு. ஆங்கிலத்துக்குப் பயந்தவர்கள், நேரமே இல்லாதவர்கள், பெற்றோருக்குப் பயந்தவர்கள், இவர்கள்தான் அதிகம்.

ரெஜினா அக்கா இந்த எதிலும் சேரவில்லை. பெயரை மாற்றியிருக்கிறேன்.

2016ஆம் வருடம். மன்னாரிலிருந்து வந்தவர், நாற்பதைத் தாண்டியவர். பல வருடம் ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்துப் பை கட்டும் கொட்டகையில் நின்றவர். தோள்பட்டை இரண்டும் போனபின் குழந்தைப் பராமரிப்புச் சான்றிதழ்ப் படிப்புக்கு நம் கல்லூரியின் நியூ லின் வளாகத்தில் சேர்ந்தார். பயிற்சிக்குப் போன மவுண்ட் ஆல்பர்ட் குழந்தைகள் நிலையத்தில் அவரை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. படிப்பை முடித்தால் வேலை அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். முடிக்காவிட்டால் மறுபடி கொட்டகை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கட்டுரை நின்றது: பயிற்சிக் காலத்தில் ஒரு குழந்தையோடு நடந்ததை எழுதி, அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்று சொல்ல வேண்டும்.

கட்டுரை வந்தது. மென்பொருள் பச்சை காட்டியது. அந்தப் படிப்புக்குப் பொறுப்பான ஜனீன்தான் வாசித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"இந்த வரியைப் பார். அக்டோபர் மாதத்தில் குழந்தைகள் உதிர்ந்த இலையுதிர்கால இலைகளைப் பொறுக்கினார்களாம்."

நான் சன்னலைப் பார்த்தேன். அக்டோபர்தான். வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் வசந்தத்தில் பூக்கும் கோஃபாய் மரத்தில் மஞ்சள் பூ இன்னும் மிச்சமிருந்தது. ஆக்லாந்தில் அக்டோபரில் இலை துளிர்க்கும், உதிராது. எழுதியவர் பூமியின் மறுபாதியை நினைத்து எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு கோப்பின் உள்விவரங்களைப் பார்த்தேன். அது உங்களுக்குத் தெரிந்த வேலைதான், விவரிக்கவில்லை. ரெஜினா அக்காவின் கணினியில் அந்தக் கட்டுரை பிறக்கவில்லை என்பது அரை மணி நேரத்தில் தெளிவாயிற்று.

சிக்கல் அடுத்த நாள் வந்தது. விசாரணைக்கு வரச்சொல்லியிருந்தோம். முன்பதிவு செய்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. வேறொருவர் கிடைக்க அடுத்த வாரமாகும். நிலையத்துக்கோ அன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"நீ தமிழ்தானே, நீயே உட்கார்" என்றார் ஜனீன்.

"ஆதாரத்தைக் கொண்டுவந்ததே நான். நானே அவருடைய வாயாகவும் இருப்பது சரியில்லை."

"சரியில்லைதான். அடுத்த வாரம்வரை தள்ளினால் அவருக்கு வேலை போய்விடும். எது மோசம் என்று நீயே சொல்."

இந்த மேசையில் இப்படிப்பட்ட கேள்விகள் வரும். இரண்டு பக்கமும் தப்பாக இருக்கும், யோசிக்க நேரமும் இருக்காது. "அக்காவைக் கேட்போம், அவர் சம்மதித்தால் உட்காருகிறேன்" என்றேன்.

என்னைப் பார்த்ததும் ரெஜினா அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிறு பூசைக்குப் போகிறவர் போலப் புடவை கட்டி வந்திருந்தார்.

"அப்பாடா, எங்கட பிள்ளை ஒண்டு இருக்கு. காலமையிலயிருந்து என்னெண்டு கதைக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். எங்க, மலேசியாவோ நீங்கள்? கதையில விளங்குது."

"ஆமாக்கா. உட்காருங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்க கட்டுரையைப் பார்த்து, இது நீங்க எழுதினதில்லைன்னு சொன்னதே நான்தான்."

அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது. என் கையைப் பிடித்திருந்தவர் மெல்லத் தன் கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு வேற ஆள் இல்லை. நான் உட்கார்ந்தா, நீங்க சொல்றது எல்லாத்தையும் அப்படியே அவங்ககிட்ட சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, வேற நாள் பார்க்கச் சொல்றேன்."

சற்று நேரம் புடவைத் தலைப்பைச் சுருட்டினார். "பிடிச்ச ஆளே கேக்கட்டும். எனக்கு ஆரோ ஒரு தெரியாத ஆளிட்ட இதைக் கதைக்கேலாது" என்றார்.

யாருக்கும் நடுவில் உட்காருவதற்கு முன் நீங்கள் யார் என்பதை இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள். அந்தக் கணம் கசப்பாக இருக்கும். பிறகு தெரியவந்தால் அதைவிடக் கசக்கும்.

ஜனீன் நேராகக் கேட்டார்: "இதை எழுதியது நீங்களா?"

"யெஸ் மிஸ். ஐ ரோட்" என்றார் அக்கா, நான் வாயைத் திறக்குமுன்பே.

"முழுவதும்?"

அதற்கு அக்கா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எழுந்து நின்றார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டார். கண்ணைப் பாதி மூடி, தலைப்பிலிருந்து தொடங்கி, அந்தக் கட்டுரையை ஒப்பிக்க ஆரம்பித்தார். ஆங்கிலத்தில், ஒரு சொல் பிசகாமல், காற்புள்ளி வரும் இடத்தில் மூச்சு விட்டு. அவர் அன்றாடம் பேசும் ஆங்கிலம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எத்தனையோ கடினமான சொற்கள் அவர் நாக்கில் ஏறி இறங்கின. "ஒவ்வொரு குழந்தையும் தன் பருவத்தில் மலரும் தனித்துவமான மாணவன்" என்ற வரிக்கு வந்தபோது குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்த வரி அவருக்குப் பிடித்திருந்தது என்று தெரிந்தது. அக்டோபர் வந்தது. இலைகள் உதிர்ந்தன. சன்னலுக்கு வெளியே மஞ்சள் பூ அசைந்துகொண்டிருந்தது.

ஜனீன் நிறுத்தவில்லை. அவர் வாய் சற்றே திறந்திருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அழுததை, கத்தியதை, வழக்கறிஞரைக் கூப்பிடுவேன் என்றதை அவர் பார்த்திருப்பார். வாங்கிய கட்டுரையை ஒப்பித்துக் காட்டி என்னுடையது என்று நிரூபித்த ஒருவரைப் பார்த்திருக்கமாட்டார்.

எனக்கு அது புரிந்தது. உங்களுக்கும் புரியும். டியூஷன் மாஸ்டர் முன்கூட்டியே விடை எழுதித் தருவார், பாடமாக்கிக்கொண்டு போய்த் தேர்வில் இறக்கிவைப்போம், நல்ல பிள்ளை என்பார்கள். ஈப்போவிலும் அப்படித்தான். யார் எழுதிய விடை என்று எவரும் கேட்டதில்லை, எத்தனை மதிப்பெண் என்றுதான் கேட்டார்கள். சமையலறையில் சோறு வேகும்போது அதைத் திரும்பத் திரும்பக் கையால் எழுதிப் பார்த்ததாக அக்கா பிறகு சொன்னார். எழுதினாயா என்ற கேள்விக்கு அவருடைய பதில் பொய் இல்லை. ஜனீன் கேட்டதற்கான பதிலும் இல்லை.

என் முன்னால் இருந்த தாளில் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். கோப்பை உருவாக்கியது யார், அமெரிக்க எழுத்துக்கூட்டல் எப்படி வந்தது, மொத்தக் கட்டுரையும் சில நிமிடங்களில் எப்படி முடிந்தது. எல்லாம் சரியான கேள்விகள். ஒன்றுக்குக்கூட அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது, விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். தாளைத் திருப்பிப் போட்டேன். ஜனீனிடம், "அவர் பயிற்சியைப் பற்றி நான் ஒன்று கேட்கலாமா?" என்றேன். தலையசைத்தார்.

"அக்கா, அக்டோபர்ல பிள்ளைங்க என்ன பொறுக்கினாங்க?"

"இலை."

"கட்டுரையில இலை. நிலையத்துல?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒக்டோபரில இலை எங்க விழுது தங்கச்சி? நத்தை பொறுக்கினாங்கள்."

"நத்தையா?"

"ஓம், நத்தை. மழைக்கு அந்தக் கீரைப் பாத்தி முழுக்க நத்தை. அங்க ஒரு பிள்ளை இருக்கிறார், ரெண்டரை வயசு. பேர் சொல்லக்கூடாதெண்டு மிஸ் படிப்பிச்சவ, அதால எல் எண்டு வைப்பம். அவர் காலமையில அப்பா விட்டிட்டுப் போனதும் வாசல் கேற்றைப் பிடிச்சுக்கொண்டு அழுவார். ஒரு மணித்தியாலம் அழுவார். எல்லாரும் தூக்குவினம், பொம்மை குடுப்பினம், பாட்டுப் படிப்பினம். ஆள் இன்னும் கத்துவார். நான் என்ன செய்தன், ஐஸ்கிரீம் டப்பா ஒண்டைக் கையில குடுத்தன். 'தம்பி, இந்த நத்தையெல்லாம் கீரையைத் தின்னுது, எனக்குக் குனியேலாது, தோள் நோகுது, நீர் பிடிச்சுத் தாறீரோ' எண்டு கேட்டன்."

"தமிழ்லயா கேட்டீங்க?"

"தமிழிலதான். அவர் சீனப் பிள்ளை. எனக்குச் சீனம் வராது, அவருக்கு இங்கிலிஷும் வராது. பிறகென்ன, ஆருக்கும் வெக்கமில்லை." முதல் தடவையாகச் சிரித்தார். "முதல் நத்தையை என்ர கையில கொண்டுவந்து வைச்சார், ஏதோ காசு வைக்கிற மாதிரி. ரெண்டாம் நாள் அழுதுகொண்டே பொறுக்கினார். அந்தக் கிழமை முடியேக்க அப்பாவுக்குக் கை காட்டவும் நேரமில்லை. நேரா வந்து 'டப்பா' எண்டார். அவர் அங்க கதைச்ச முதல் சொல்லு அதுதான் மிஸ், கேளுங்கோ, தமிழ்ச் சொல்லு!"

நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஜனீனின் பேனா நின்றுவிட்டது. 'டப்பா'வுக்கு வந்ததும் ஜனீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்தார். "சேருக்குச் சொன்னனான். நெட்டில இருக்கிற சேர். கட்டுரை செய்து தருவினம் எண்டு போனில விளம்பரம் வந்தது. எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷில நத்தைக் கதை முழுக்க எழுதி அனுப்பினனான். அவர் சொன்னார், நத்தையெல்லாம் போடேலாது, அது அகடமிக் இல்லையாம். இலை போடுவம் எண்டார். படிச்ச மனுசன் சொல்லுறார், நான் என்னத்தைச் சொல்லுறது?" பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, களவெண்டு எனக்குத் தெரியாது எண்டு சொல்லமாட்டன். உள்ளுக்க உறுத்தினதுதான். ஆனா பாடமாக்கினா என்ரதாயிடும் எண்டு நினைச்சன். இதை மட்டும் அவவுக்குச் சொல்லாதேங்கோ."

நம் மக்கள் இப்படிக் கேட்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள். மருத்துவமனையில், வங்கியில், எங்கே நம்மை நடுவில் உட்காரவைத்தாலும் கேட்பார்கள். நாம் அவர்களுடைய ஆள் என்ற நம்பிக்கையில்.

"சொல்லணும்க்கா. சொல்லாதேன்னு நீங்க சொன்னதையும் சேர்த்துச் சொல்லணும்."

"ஐயோ, நல்ல பிள்ளை நீர்!" என்று நெற்றியில் கை வைத்தார். திட்டினாரா பாராட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சொன்னேன். முழுதாக. எனக்கு அன்று மிகவும் கடினமாக இருந்தது, களவு என்று உள்ளுக்குள் தெரியும் என்ற அந்த ஒரு வரியைச் சொன்னதுதான். அவரைக் காப்பாற்றியதும் அதுதான் என்று பிறகு ஜனீன் சொன்னார். தெரியாது என்று சொல்லாத ஒருவரை நம்பலாம் என்பது அவருடைய கணக்கு.

ஜனீன் இளகிவிடவில்லை. "நத்தை அருமை. ஆனால் நீங்கள் செய்தது ஏமாற்று வேலைதான், அது பதிவாகும்" என்றார். இந்தக் கட்டுரை தோல்வி. ஒரே ஒரு முறை திரும்ப எழுதலாம், இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறையாது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவருடையதாக இருக்க வேண்டும். இன்னொரு தடவை பிடிபட்டால் படிப்பு அத்தோடு முடிந்தது. அன்று மாலை நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, விசாரணை முடிந்துவிட்டது, ஒரு கட்டுரை மட்டும்தான் பாக்கி, இன்னும் சில நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். காத்திருக்கச் சம்மதித்தார்கள்.

கட்டுரையை எழுதி விற்ற அந்த முகம் தெரியாத சேர் மீது எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. அவர் எந்த ஊரோ. ஒருவேளை இலையுதிர்காலத்தையே கண்டிராத வெக்கையான ஊராக இருக்கலாம். வெள்ளைக்காரர்களின் ஊரில் அக்டோபர் என்றால் இலை விழும் என்று அவரும் எங்கோ பாடமாக்கியிருப்பார்.

அடுத்த வாரம் புதிய கட்டுரை வந்தது. ஒன்றரைப் பக்கம். பிழைகள் தாராளம். நத்தை இருந்தது, டப்பா இருந்தது, தோள்வலிகூட இருந்தது. சிரித்துக்கொண்டே மென்பொருளில் போட்டேன். பச்சை வரவில்லை. கடைசிப் பத்தியில் ஒரு வரி மட்டும் சிவப்பாக எரிந்தது: ஒவ்வொரு குழந்தையும் தன் பருவத்தில் மலரும் தனித்துவமான மாணவன். அவருடைய முதல் கட்டுரையிலிருந்து அப்படியே.

இது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். சின்னப் பொருத்தங்களைக் கணக்கிலிருந்து நீக்கும் பொத்தான் உங்கள் திரையின் வலது ஓரத்தில் இருக்கிறது. ஒரு சொடுக்கு, வரி மறைந்துவிடும், அறிக்கை பச்சையாகிவிடும். யாருக்கும் தெரியாது. அக்காவின் வேலை அந்தச் சொடுக்கில் இருந்தது. என் விரலும் அங்கேதான் இருந்தது.

அழுத்தவில்லை. நேர்மையின் சிகரம் நான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு நான் கொடுத்த வாக்கு கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்பது. இப்போது அவருக்குச் சாதகமாகக் குறைத்தால், அன்று அவருக்குப் பாதகமாக எல்லாவற்றையும் சொன்னதற்கு என்ன அர்த்தம்? அறிக்கையை அச்செடுத்து ஜனீனின் அறைக்குப் போனேன்.

"ஒரு வரிதானே?" என்றார்.

"ஒரு வரிதான். ஆனால் அதே வரி. முடிவெடுப்பதற்கு முன் அவரிடம் பேசிவிடலாம் என்பது மட்டும்தான் என் கோரிக்கை."

ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தோம். அக்கா நிலையத்தில் இருந்தார், பின்னால் குழந்தைகளின் கூச்சல். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ தங்கச்சி. நான் பாத்து எழுதேல்ல, சத்தியமா. அது பாடமாகிப் போச்சு. செபம் மாதிரி, ஒரு சொல்லுத் தொடங்கினா மற்றது தானா வந்து நிக்குது. என்ன செய்தும் போகுதில்லை."

ஜனீன் தொலைபேசியின் பக்கம் குனிந்தார். "ரெஜினா, அந்த வரி எனக்கு வேண்டாம். அந்தப் பையனிடமிருந்து நீங்கள் கற்றது என்ன? நீங்களே சொல்லுங்கள்."

நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே ஆங்கிலத்தில் பதில் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, தயங்கித் தயங்கி. அதன் தமிழ் இதுதான்: "அவருக்கு ஒரு வேலை இருந்தால் அழமாட்டார். எனக்கும் அப்படித்தான்."

ஜனீன் அதை அப்படியே தாளில் குறித்துக்கொண்டார். "அதை எழுதுங்கள். பழைய வரியை எடுத்துவிட்டு இதை அங்கே போடுங்கள். இன்று ஐந்து மணிக்குள் அனுப்புங்கள். வேறொன்றையும் தொடாதீர்கள்."

நான்கரைக்கு வந்தது. பச்சை. தேறுவதற்குத் தேவையான அளவு மதிப்பெண்தான், கூட இல்லை. அது போதுமாக இருந்தது.

அதன் பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், போன வருடம், நியூ லின்னிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில். நிலையத்தின் பெயர் பொறித்த மேல்சட்டை போட்டிருந்தார். மடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள்.

"என்னக்கா இது?"

"நத்தை. அங்க எல்லாத்தையும் பொறுக்கி முடிச்சிட்டினம். புதுசா ஒரு பிள்ளை வந்திருக்கிறா, கேற்றை விட்டு வாறா இல்லை. அதுதான் வீட்டுத் தோட்டத்திலயிருந்து கொண்டுபோறன். பாத்தியில போட்டுவிட்டா அவ பொறுக்குவா." பக்கத்து இருக்கைக்காரர் டப்பாவைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அக்கா கண்டுகொள்ளவில்லை. "நீங்கள் இப்பவும் அங்கதானோ? இப்பவும் ஆக்களைப் பிடிக்கிறீங்களோ?"

"ஆமாக்கா. பிடிக்கிறேன்."

"பிடிச்சாப் பிறகு கதைக்கிறீங்கள்தானே?"

"பேசறேன்க்கா."

"அப்ப சரி" என்றார். மவுண்ட் ஆல்பர்ட் வந்தது. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குலுங்காமல் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.